விபத்தில்லாத நாட்கள்

நான் வேலை பார்த்த மதிப்பீட்டு நிறுவனத்தில் இனிமேல் பாதி இடங்களுக்கு ஆள் போகப் போவதில்லையாம். கட்டுமானத் தளத்தில் மாட்டியிருக்கும் கேமராவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். யார் தலைக்கவசம் போடவில்லை, யார் பாதுகாப்புக் கயிறு மாட்டவில்லை என்று அதுவே எண்ணி அனுப்பிவிடும். நம் ஆட்கள் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து மார்க்கைக் கூட்டினால் போதும். போன மாதம் சாந்தி போனில் இதைச் சொன்னாள். என்னோடு பல வருடம் வேலை பார்த்தவள், இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அலுவலகச் சஞ்சிகைக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னாள். "கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க ராஜ் சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். என்னை அவளுக்குத் தெரியும்.

எழுதிப் பார்த்தேன். பாசிட்டிவாக வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவள் பாடு.

எங்கள் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கே கடைசிவரை விளங்கவில்லை. ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களின் உயிரையும் உடம்பையும் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது என்று போய்ப் பார்த்து மார்க் போடுவது எங்கள் வேலை. நல்ல மார்க் வாங்கிய நிறுவனத்துக்குப் பெரிய கட்டடங்களைக் கட்டும் வாய்ப்பு வரும். மோசமான மார்க் வாங்கினால் வராது. அதனால் நாங்கள் வாசலில் தலைகாட்டினாலே உள்ளே எல்லாரும் தலைக்கவசத்தைத் தேடுவார்கள். நாங்கள் போலீஸ் இல்லை. அபராதம் போட முடியாது, வேலையை நிறுத்த முடியாது. பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர் மாதிரி வருவோம், பார்ப்போம், மார்க் போடுவோம், போய்விடுவோம்.

நான் சிங்கப்பூரிலேயே பிறந்தவன். என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாரம் இறக்கும் கயிற்றில் சிக்கி அவருக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. துணியைச் சுற்றிக்கொண்டு அன்று மத்தியானமே மறுபடி வேலைக்குப் போனாராம். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் பாலிடெக்னிக் முடித்து, சில வருடம் கட்டுமானத் தளங்களில் சூப்பர்வைசராக நின்று, பிறகு பாதுகாப்புப் படிப்பு படித்துப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. கற்றுக்கொண்டதெல்லாம் மூத்த மதிப்பீட்டாளர் கனகரத்தினம் சாரிடம் சேர்ந்த பிறகுதான்.

கனகரத்தினம் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். ஆனாலும் தமிழ் பேசினால் அந்த ஊர்த் தமிழ்தான் வரும். எந்த வெயிலிலும் வெள்ளை முழுக்கைச் சட்டை, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது அவரிடம் பொய் சொன்னால் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பொய் சொன்னவர் பாதியைத் திருத்திச் சொல்லிவிடுவார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குறித்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய் எதிரிலிருக்கும் கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொள்வார். தொழிலாளர்களை ஏற்றிவரும் லாரிகள் வந்து நிற்பதைப் பார்ப்பார். ஆட்கள் ஏணி வைத்து இறங்குகிறார்களா, குதிக்கிறார்களா, இறங்கும்போது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா, தூங்கி வழிகிறார்களா என்று கவனிப்பார். உள்ளே போனதும் மானேஜர்கள் மீட்டிங் ரூமுக்கு அழைப்பார்கள். அங்கே பிஸ்கட்டும் மைலோவும் தயாராக இருக்கும். அவர் நேரே கழிப்பறைக்குப் போவார். தொழிலாளர்களுடைய கழிப்பறைக்கு. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். அடுத்தது குடிதண்ணீர், அதற்கடுத்தது முதலுதவிப் பெட்டி. பெட்டி புத்தம் புதிதாக, எல்லாம் அடுக்கியபடியே இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பிளாஸ்டர்கூடக் குறையவில்லை என்றால், ஒன்று இங்கே எல்லாரும் தெய்வம், இல்லாவிட்டால் கேட்கப் பயப்படுகிறார்கள் என்பார்.

உயரத்தில் வேலை செய்பவரிடம் பாதுகாப்புக் கயிற்றைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார். "மாட்டிக் காட்டுங்கோ தம்பி" என்பார். அந்த ஆள் கொக்கியை எங்கே மாட்டுகிறார், மாட்டும்போது கை தானாகப் போகிறதா, தேடுகிறதா என்று பார்ப்பார். சாரத்தில் ஏறிக் குறுக்குப் பலகையைக் காலால் அழுத்திப் பார்ப்பார். அறுபதை நெருங்கிய வயதிலும் அவருக்குப் பின்னால் ஏற எனக்குத்தான் மூச்சு வாங்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மீட்டிங் ரூம், அதன் பிறகுதான் கோப்புகள். பிஸ்கட்டைத் தொட மாட்டார். பிளாஸ்கில் கொண்டுவந்த சுடுதண்ணீரைக் குடித்துக்கொள்வார்.

நாங்கள் மார்க் போட்ட தாளும் பெருமளவு அவர் உருவாக்கியதுதான். தளத்தின் நிலைமை, பயிற்சி, கருவிகள், மேலாண்மை என்று பல பிரிவுகள். கடைசிப் பிரிவு, விபத்தால் எத்தனை வேலை நாட்கள் வீணாயின என்பது. அதற்குத்தான் மார்க் அதிகம். ஒரு தொழிலாளி அடிபட்டு, டாக்டர் எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொடுத்து, அறையில் படுத்திருந்தால் அது வீணான நாள். அதே டாக்டர் லைட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்து, அவரை உட்கார்ந்து செய்யும் சின்ன வேலைக்கு மாற்றினால் நாள் வீணாகவில்லை. காயம்பட்டவரை அப்படி வேலையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தனியாக மார்க்கும் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா மூட்டை தூக்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரம். கட்டிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தளத்தின் வாசலில் பெரிய மின்பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். 'விபத்தில்லாத நாட்கள்' என்று நான்கு மொழியிலும் எழுதி, நடுவில் பச்சை எண். ஒவ்வொரு நாளும் ஒன்று கூடும். ஒருவருக்கு எம்சி வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த எண் நான்கு இலக்கத்தைத் தொட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தொட்டதும் தளம் முழுவதுக்கும் பிரியாணி விருந்து, குலுக்கல் பரிசு, பெரிய அதிகாரிகளின் கைகுலுக்கல் என்று ஏற்பாடாகியிருந்தது. எங்கள் மதிப்பீடும் அந்தச் சமயத்தில்தான் விழுந்தது.

வழக்கம்போல் எதிர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு லாரி வந்து நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகு, நான்கு பேர் சேர்ந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை லாரியிலிருந்து இறக்கினார்கள். நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்கால்வரை துணி சுற்றியிருந்தது. தலையில் தலைக்கவசம். இன்னொருவர் குடையை விரித்து அவருக்கு மேலே பிடித்தார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி, ஏதோ கிண்டல் பேசிச் சிரித்துக்கொண்டு, பச்சை எண்ணுக்குக் கீழே அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கனகரத்தினம் சார் கோப்பையைக் கீழே வைத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை இன்றைக்கும் உறுத்துவது அதுதான். கழிப்பறை சுத்தமாக இருந்தது. முதலுதவிப் பெட்டியில் பாதி சாமான் உபயோகித்து, மறுபடி நிரப்பியிருந்தார்கள். கொக்கி மாட்டிக் காட்டச் சொன்ன ஆள் பேச்சை நிறுத்தாமலே சரியான இடத்தில் மாட்டினார். தளத்தின் பாதுகாப்பு அதிகாரி குணா பாடுபட்டு வேலை செய்கிறவன். சட்டையெல்லாம் சிமெண்ட், குரல் கம்மிப்போயிருந்தது. கெட்டவன் யாராவது இருந்திருந்தால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாற்காலி ஆள் சைட் ஆபீஸில், ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். காலை ஓர் அட்டைப்பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, புதுத் தலைக்கவசங்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். பெயர் வீரபாண்டி. அறந்தாங்கிப் பக்கம். கம்பி கட்டும் வேலை. அவருடைய குழுவில் எல்லாருமே சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள். கிரேனிலிருந்து இறங்கிய கம்பிக் கட்டு நழுவி உருண்டு அவர் பாதத்தில் ஏறியிருக்கிறது. பூட்ஸின் இரும்பு முனை விரல்களைக் காப்பாற்றியது, நடுப்பாதம் நசுங்கியது. கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, பெரிய முறிவு இல்லை என்று சொல்லி, இரண்டு வாரம் லைட் டியூட்டி கொடுத்திருக்கிறார்கள். பிறகு அதையே நீட்டியிருக்கிறார்கள்.

அவர் பக்கத்தில் போனதும் எனக்கு வாடை அடித்தது. மருந்து வாடை இல்லை. கையைத் தொட்டேன், அந்த ஏர்கானிலும் சுட்டது. சர்க்கரை உண்டா என்று கேட்டேன். ஊரில் பார்த்தபோது கொஞ்சம் இருந்தது என்றார். கிளினிக்கில் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, கேட்கவில்லை சார் என்றார். குணா வெளியே போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், எழுதிறாதீங்க சார். இன்னும் கொஞ்ச நாள்தான். என்னால போர்டு நின்னுச்சுன்னா எங்க கேங்குக்கே கெட்ட பேரு."

"உங்க கால் எப்படி இருக்குன்னு தெரியுதா உங்களுக்கு?"

"வலி இருக்கத்தான் சார் செய்யும். பசங்க தூக்கிட்டு வர்றாங்க, தூக்கிட்டுப் போறாங்க. சோறு ஊட்டாத குறைதான். எம்சின்னு படுத்தா ஊருக்கு டிக்கெட் போட்ருவாங்க சார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய குழுத் தலைவர் மாரிமுத்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அவர்தான் அண்ணன். குணாவைத் தனியாக அழைத்து, இந்த ஆளை உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, லைட் டியூட்டி டாக்டரே எழுதிக் கொடுத்தது லா. நானா எதுவும் பண்ணல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கண்டிப்பா எம்சி போடுவாங்க. போர்டு ஜீரோ ஆனா மேல உள்ளவங்க என்னைத்தான் கேப்பாங்க."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நானும் கனகரத்தினம் சாரும் மார்க் போட உட்கார்ந்தோம். எல்லாப் பிரிவும் முடிந்து கடைசிப் பிரிவுக்கு வந்தோம். வீணான நாள் ஒன்றுமில்லை, முழு மார்க். காயம்பட்டவரை வேலையில் வைத்திருக்கும் ஏற்பாடு, அதற்கும் முழு மார்க். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஓர் ஆளை நாற்காலியில் தூக்கி வந்து ஸ்டிக்கர் ஒட்ட வைக்கிறார்கள், அதற்கு நாம் மார்க் கொடுப்பதா என்று சத்தம் போட்டேன். அவரிடம் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது, ராஜகோபால். இந்தப் பந்தியை நான்தான் எழுதினனான். ஏன் எழுதினனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அவர் சொன்னார். அதற்கு முந்திய காலத்தில் காயம்பட்டவரை நிறுவனங்கள் வைத்துக்கொள்வதே இல்லையாம். கட்டுப் பிரிக்கும் முன்னாலேயே விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். ஒரு தடவை விமான நிலையத்தில், கையில் ரத்தம் ஊறிய கட்டோடு வரிசையில் நின்ற ஒருவரை இவரே பார்த்திருக்கிறார். பெட்டியைத் தூக்கக்கூட முடியாமல் நின்றாராம். அதற்குப் பிறகுதான் கமிட்டிக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய்ப் போராடி, காயம்பட்டவரைக் கைவிடாமல் லேசான வேலை கொடுத்து வைத்திருக்கிற நிறுவனத்துக்கு மார்க் உண்டு என்று தாளில் சேர்க்க வைத்தார்.

"நான் இப்ப இதுக்கு மார்க் குறைச்சா, நாளைக்கே அந்தத் தம்பியைப் பிளேனில ஏத்திப்போடுவாங்கள். குறைக்காட்டி நாற்காலியில தூக்குவாங்கள். எது நல்லம் எண்டு நீர் சொல்லும், நான் அப்படியே போடுறன்."

நான் பேனாவை மறுபடி கையில் எடுத்தேன். எது நல்லது என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

மார்க் அப்படியே நின்றது. ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அவரே போனை எடுத்து அந்தத் திட்டத்தின் இயக்குநரைக் கூப்பிட்டு, வீரபாண்டியை இன்றே ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டும் என்று வழக்கமான தணிந்த குரலிலேயே சொன்னார். அவர்களும் சரி என்றார்கள். அறிக்கையிலும் இதைத் தனிப் பத்தியாக எழுதினோம். மறுநாள் நான் குணாவுக்குப் போன் செய்தேன். மாரிமுத்து ஆட்கள் நேற்றுச் சாயங்காலமே கூட்டிப்போய்விட்டார்கள் அண்ணே என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் என்னிடம் சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொல்லி மட்டும் அவன் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டால் எம்சி கைக்கு வந்துவிடும் என்ற பயம். கேட்காதவரை போர்டு ஓடும்.

நடந்ததைப் பின்னாளில் மாரிமுத்து வாயாலேயே கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில். காய்கறி வாங்கப் போன இடத்தில் அவர்தான் என்னை அடையாளம் கண்டு வந்தார். ஊர்க்காரர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கும் புல்வெளியில் ஓரமாக உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லித்தான் வீரபாண்டியை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். லாரி உட்லண்ட்ஸில் அவர்கள் தங்கும் விடுதிக்குப் போய்விட்டது. விருந்து முடிந்ததும் காட்டிக்கொள்ளலாம் என்பது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. வீரபாண்டியும் சேர்ந்துதான் எடுத்தார். அவருடைய நுழைவு அட்டையை இன்னொருவர் காலையிலும் மாலையிலும் வாசலில் தட்டினார். கணக்குப்படி வீரபாண்டி தினமும் வேலைக்கு வந்து ஸ்டிக்கர் ஒட்டினார். உண்மையில் அறையில் கட்டிலில் கிடந்தார். சைட் ஆபீஸில் நாற்காலி காலியாக இருந்ததைக் குணாவும் கேட்கவில்லை. குழு அவரைக் கைவிடவில்லை. உப்புத் தண்ணீரில் காலைக் கழுவினார்கள், மஞ்சள் அரைத்துப் பூசினார்கள், தேக்காவில் வாங்கிய எண்ணெயைத் தடவினார்கள், கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்து முறை வைத்து விழித்திருந்து விசிறினார்கள். சொந்த அண்ணன் தம்பிகூட அவ்வளவு செய்திருக்க மாட்டார்கள்.

"பிரியாணிக்காகவா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பிரியாணி என்ன சார் பிரியாணி. எங்களாலதான் கெட்டுச்சுன்னு மத்த கேங் பேசிறக் கூடாதுன்னு இருந்தோம். அவன்தான் சொன்னான், ஒரு வாரம் தாங்கிக்கிறேன் அண்ணேன்னு. நாங்க தாங்கிருவான்னு நம்பிட்டோம்."

விருந்து நடந்த அன்று மத்தியானம் வீரபாண்டி நினைவு தப்பிவிட்டார். தளத்தில் கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோது விடுதிக் காவலாளிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

நானும் கனகரத்தினம் சாரும் வார்டுக்குப் போனோம். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் இருந்தது. வீரபாண்டி எழுந்து உட்காரப் பார்த்தார், மரியாதைக்காக. சார் அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தார். பேசியதெல்லாம் வீரபாண்டிதான். டாக்டர்கள் தங்கமானவர்கள் என்றார், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். போர்டு நிற்கவில்லையே சார் என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் அந்த நிம்மதியைப் பார்க்கப் பொறுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

போர்டு உண்மையிலேயே நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் குறிப்பில் சர்க்கரை நோயால் வந்த கிருமித் தொற்று என்று இருந்தது. நோய் விபத்து ஆகாது என்று நிறுவனம் எடுத்துக்கொண்டது. பிற்பாடு விசாரணை நடந்து, வேலையில் பட்ட காயத்தால்தான் கால் போனது என்று முடிவாகி, அவருக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தது. அதற்குள் எங்கள் சான்றிதழ் அவர்கள் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிட்டது. அந்த வருடம் நாங்கள் கொடுத்ததிலேயே உயர்ந்த தரம் அது. முடிந்த மதிப்பீட்டைத் திறந்து திருத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் எழுதிக் கேட்டேன். வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

கனகரத்தினம் சார் லைட் டியூட்டிப் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார். தான் எழுதியதைத் தானே அடிக்கப் போனார். எடுத்தால் மறுபடி விமான நிலையத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று, பல வருடத்துக்கு முன் அவர் சொன்னதையே அவர்கள் அவரிடம் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அதற்கு அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிற்பாடு சட்டமே மாறியது. லைட் டியூட்டி கொடுத்தாலும் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. சில மாதம் கழித்து வடக்கே ஒரு தளத்துக்குப் போனேன். முதலுதவிப் பெட்டி புத்தம் புதிதாக, அடுக்கியபடி இருந்தது. அங்கே ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் ஃபோர்மன் ஒருவர் தன் சொந்தப் பையிலிருந்து பஞ்சை எடுத்து ஓர் ஆளின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தையல் போட வேண்டிய வெட்டு. இப்போது டாக்டரிடம் போவதே நின்றுவிட்டது, அவ்வளவுதான். நாம் எதை எண்ணத் தொடங்குகிறோமோ அது நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. அங்கேயும் மார்க் நன்றாகத்தான் வந்தது.

சாந்தி, உன் கேமரா நல்ல கேமராவாகவே இருக்கட்டும். நாற்காலியில் தூக்கி வரப்பட்டபோதும் வீரபாண்டி தலைக்கவசம் போட்டிருந்தார். கேமரா அவருக்கு முழு மார்க் கொடுத்திருக்கும். கேமராவைத் திட்டவும் எனக்கு வாயில்லை. ஆள் போய்ப் பார்த்து, வாடையை மோந்து, கையைத் தொட்டுப் பார்த்த நாங்களும் அதே மார்க்கைத்தான் கொடுத்தோம்.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில்தான் அந்தப் போன் வந்தது. வீரபாண்டி அவ்வப்போது கூப்பிடுவார். செயற்கைக் கால் வைத்துக்கொண்டு அறந்தாங்கியில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை நடத்துகிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறக்காமல் பேசுவார். இந்தத் தடவை பண்டிகை எதுவும் இல்லை. மார்சிலிங்கில் என் வீட்டு வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தன் கடைசித் தம்பி சிங்கப்பூருக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வரப்போவதாகச் சொன்னார். ஏஜெண்ட் ஒரு கம்பெனியைக் காட்டி, பாதுகாப்பில் முதல் தரம் என்று சான்றிதழைக் கொடுத்திருக்கிறானாம். பெயரைச் சொன்னார். அதே கம்பெனி.

"நம்ம கம்பெனிதான சார். மார்க்கு போட்டது நீங்கதான? அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னு."

அங்கே வேண்டாம் என்றேன். அவசரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்ப வேற எந்தக் கம்பெனி சார் நல்லது? நீங்க எல்லாத்தையும் பாத்தவரு. நீங்க ஒரு பேரு சொல்லுங்க, கண்ண மூடிட்டு அனுப்பிர்றேன். அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு."

முப்பது வருடம் நான் ஏறி இறங்கிய தளங்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. நல்ல மார்க் கொடுத்தவை, அதைவிட நல்ல மார்க் கொடுத்தவை. ஒரு பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தத் தளத்தில் நான் பார்க்காத அறை எது என்று உடனே தோன்றியது. அடுத்ததை நினைத்தேன், அதற்கும் அப்படியே தோன்றியது. துணியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

"சார்? சார், கேக்குதா?" என்றார் வீரபாண்டி. சற்றுப் பொறுத்து, "லைன் சரியில்ல போல சார், நான் அப்புறமா கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.